பகலில் தூங்கிய தூங்குமூஞ்சி மரம்

வெந்த துணியின் வாடையும் கொஞ்சம் ஆவியுமாக, எங்கள் லைன் வீட்டு முன்சாக்கடையில் ஒரு நாள் சிவப்பும் மறுநாள் நீலமுமாகத் தண்ணீர் ஓடும். பக்கத்துச் சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன கலர் ஆர்டர் என்பது திருப்பூரில் பள்ளிக்கூடம் போகிற எங்களுக்குக்கூடத் தெரிந்திருந்த எண்பதுகள் அவை. சாக்கடையை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. தகரக் கூரைக்குள் பகலில் மனிதர் இருக்க முடியாது என்பதால், அம்மா அதன் நிழலில் உட்கார்ந்துதான் பனியன்களில் தொங்கும் பிசிறு நூலை வெட்டுவாள்; கைக்குழந்தையான தங்கச்சியின் தொட்டிலும் அதன் தாழ்ந்த கிளையில்தான்.

சாயங்காலம் இலையை மடக்கிக்கொள்கிற அந்த மரம், அனல்காற்று அடித்த ஒரு சித்திரையில் நடுப்பகலிலேயே மடக்கிக்கொண்டது. பட்டறையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக் காதர் அண்ணன், "நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்குமாட்ட இருக்குதுங்க, தூங்கட்டும் உடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெயிலும் காத்தும் சேந்தா மரம் கூடத் தண்ணி கேக்கும் கண்ணு. வேர்ல இல்லீன்னா இலைய மூடிக்கும்" என்றதுதான் தாமதம், மரம் போனால் அம்மாவும் தொட்டிலும் எங்கே போவது என்று நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். குழாயில் எப்போதோ வருகிற தண்ணீரில் மரத்துக்கு யார் பங்கு கொடுப்பது?

அவர் வெள்ளகோவிலுக்கு, மாமனார் வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் எனக்குள் ஓர் இன்ஜினியர் விழித்துக்கொண்டார். சாக்கடைக் கரையை உடைத்து மரத்தடிக்கு வாய்க்கால் வெட்டி, பாத்தியும் கட்டினேன். "பரவால்லீயே, தோட்டத்துக்காரனாட்டப் பண்ணீட்டயே" என்று அம்மாவும் மெச்சினாள். மண் சதசதவென்று நின்றது. இலையோ ஓரம் கருகி உதிர்ந்தது. இன்னும் தாகம் அடங்கவில்லை போலிருக்கிறது என்று வாய்க்காலை அகலமாக்கினேன்.

திரும்பி வந்த காதர் அண்ணன், பாத்தியோரம் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "துணியில சாயம் புடிக்கறதுக்கு மூட்டை மூட்டையா உப்புக் கொட்டறோம் கண்ணு. இதைய எப்படி அது குடிக்கும்? தண்ணிக்குள்ள நின்னுட்டே தாகத்துல சாகுது."

அன்றைக்கு நான் செய்த வீரச்செயல், வீட்டிலிருந்த இரண்டு குடம் குடிதண்ணீரையும் வேரில் கொட்டியதுதான். அந்த உப்புக்கு அது எந்த மூலைக்கு? தங்கச்சிக்குப் பால் கலக்க, அம்மா சொம்போடு வீடு வீடாகப் போய் நின்றாள். "மரத்துக்கும் இல்லாம இவளுக்கும் இல்லாமப் பண்ணீட்டயே" என்றாள், அடிக்கவில்லை.

பட்டுப்போன மரத்தை ஆடிக்கு முன்பே வெட்டினார்கள். மிச்ச வெயிலையெல்லாம் தங்கச்சி தகரத்துக்குக் கீழே, உடம்பெல்லாம் வேர்க்குருவோடு அழுதே கழித்தாள்.

இப்போது அங்கே பட்டறையும் இல்லை, லைன் வீடும் இல்லை. கேன் தண்ணீர் விற்கும் கடை ஒன்று நிழலுக்குப் பச்சை வலை கட்டிக்கொண்டிருக்கிறது. கிழவராகிவிட்ட காதர் அண்ணன் கல்யாண வீடுகளில் அந்த மரத்தின் பேச்சை எடுத்தால், "பட்டறைத் தண்ணிதானுங்க கொன்னு போட்டுது" என்பார். நான் வெட்டிய வாய்க்காலைப் பற்றி மட்டும் அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாரையும் நக்கலடிக்கிற நான், "ஆமாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, பந்தியில் இடம் இருக்கிறதா என்று பார்க்க எழுந்துவிடுவேன்.