குணசேகரன் மீசையும் பெல்ட்டில் நின்ற விமானமும்

குணசேகரனுக்கும் திருத்தணி முருகனுக்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டு. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்ததும் மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கொள்வார். மீசையை மட்டும் தொட விடமாட்டார். "தல முருகனுக்கு, மீச எனக்கு" என்று கத்தியைத் தீட்டும்போதே சொல்லிவிடுவார்.

அந்த மீசைக்கு ஒரு கதை இருக்கிறது. திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழமழவென்று இருந்த அவர் முகத்தைப் பார்த்து மேஸ்திரி "பால்வாடி" என்று பெயர் வைத்துவிட்டார். ஆலை முழுக்க அதுவே பேராயிற்று. வைராக்கியமாக வளர்த்தார். பால்வாடி போய் மீசைக்காரர் ஆனார். கரும்பை ஆலைவாய்க்குக் கொண்டுபோகும் பட்டையும், பிழிந்த சக்கையைக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டும் அவர் பொறுப்பு. இத்தனை வருஷமாக ஓடும் பெல்ட்டைப் பார்த்துப் பார்த்து, பெல்ட்டைப் பற்றி இனி ஒருவர் தனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

வைகாசியில் மகள் அம்முவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் நவீன்குமாருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவன் அப்பா கிருஷ்ணன் பள்ளிப்பட்டில் விவசாயி. குணசேகரனுக்குப் போட்டியாக அவருக்கும் முறுக்கிய மீசை. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆகி, பேச்சு வற்றிப்போய் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அரக்கோணம் கடற்படைத் தளத்து விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறந்து போனது. அம்மு அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கைப்பேசியில் ஒரு புதிர் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஓடுபாதை நீளத்துக்கு ஒரு பெல்ட். அதன்மேல் ஒரு விமானம். விமானம் எவ்வளவு வேகமாக முன்னே போகிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னே ஓடும். விமானம் மேலே ஏறுமா, ஏறாதா?

குணசேகரன் யோசிக்கவே இல்லை. பெல்ட்டில் ஏறினது பெல்ட்டோடுதான் போகும், இது முன்னே போனால் அது பின்னே இழுக்கும், நின்ற இடத்திலேயே நிற்கிற விமானம் எப்படிப் பறக்கும் என்றார். சம்பந்தி சொல்வதுதான் சரி என்று கிருஷ்ணனும் தலையாட்டினார்.

நவீன்குமார் தட்டிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தபடி, "ஏறும், மாமா" என்றான்.

அவன் மெதுவாகச் சொன்னான். லாரியைத் தள்ளுவது அதன் சக்கரம். அதனால் அது பெல்ட்டில் நின்றுபோகும். விமானத்தை எஞ்சின் தள்ளுகிறது, காற்றைப் பிடித்து. சக்கரம் சும்மா உருள்வதற்குத்தான். பெல்ட் பின்னே ஓடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், விமானம் தன்பாட்டுக்கு முன்னே போய்க்கொண்டிருக்கும்.

"தம்பி, நான் பெல்ட்டுலயே பொழப்ப ஓட்டிகினு இருக்கறவன்" என்றார் குணசேகரன். "அது ஏறிச்சுன்னா இந்த மீசைய எடுத்துடறேன்."

"சம்பந்தியோட என்னுதும்" என்றார் கிருஷ்ணன்.

அவர்கள் போன பிறகு குணசேகரன் சட்டையைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. கூடத்தில் நடந்தபடியே, பையன் பெரியவர்களைத் தட்டிப் பேசுகிறான், இந்த இடம் வேண்டாம் என்று தோன்றுகிறது என்றார். அவர் மனைவி தேவகி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே, "ப்ளேன் ஏறுதோ இல்லியோ, பொண்ணு மணையேறணும்" என்றாள்.

அம்மு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "தட்டிப் பேசினதாலதான் நைனா எனக்கு அவரப் புடிச்சிருக்கு. ஏறாதுன்னு சொல்லியிருந்தா நானே வாணான்னு சொல்லியிருப்பேன்."

குணசேகரன், யோசித்துச் சொல்கிறேன் என்று பள்ளிப்பட்டுக்குத் தகவல் அனுப்பச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அம்மு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஆலையில் அது பழுதுபார்க்கும் பருவம். பழுது பார்த்த சக்கை பெல்ட்டை வெறுமையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஓரத்தில், எண்ணெய் டின் வைத்துத் தள்ளும் குட்டிச் சக்கர வண்டி கிடந்தது. அதைத் தூக்கிப் பெல்ட்டின்மேல் வைத்தார். கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு பெல்ட்டோடு சாவகாசமாகப் போயிற்று. "பாத்தியாடா" என்று அங்கே இல்லாத மாப்பிள்ளையிடம் சொன்னார்.

ஓடிப்போய் அதை எடுத்துவந்தவருக்கு, எஞ்சின் நினைவு வந்து தொலைத்தது. எஞ்சின் வேண்டுமே. ஒரு கயிற்றை வண்டியில் கட்டினார். கயிற்றை இழுக்கும் தன் கைதான் எஞ்சின் என்று வைத்துக்கொண்டார். மறுபடியும் பெல்ட்டில் வைத்து, பெல்ட் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று காலை அகட்டி நின்றார்.

பிடுங்கவில்லை. கன்றுக்குட்டிக் கயிறு அளவுக்குக்கூட இழுப்பு இல்லை. கீழே பெல்ட் ஓடியது, சக்கரங்கள் கிறுகிறுவென்று சுற்றின, வண்டி அப்படியே நின்றது. லேசாகக் கயிற்றைச் சுண்டினார். ஓடுகிற பெல்ட்டுக்கு எதிராக, கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி அவரிடம் வந்தது.

பெல்ட்டை இன்னும் வேகமாக விட்டுப் பார்த்தார். சக்கரம்தான் கூடுதலாகக் கத்தியது. வண்டி வந்துகொண்டேதான் இருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. பெல்ட்டை நிறுத்தி, வண்டியைப் பழைய இடத்தில் வைத்து, கயிற்றைச் சுருட்டினார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் மீசை பிழைத்துவிடும். ஆனால் அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்ல இனி அவரிடம் என்ன இருக்கிறது? அம்மு சோறு போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவது நினைவுக்கு வந்தது.

மீசையை மட்டும் எடுத்துவிட்டுத் தெருவில் நடந்தால், வீட்டில் யார் தவறிப்போனார் என்று ஊர் கேட்கும். மலைக்குப் போய் மொத்தமாக எடுத்துவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். வேண்டுதல் என்று விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை, ஆடி வர இன்னும் நாள் இருக்கிறதே என்று தேவகி கேட்டது காதில் விழாதவர்போலக் கிளம்பினார்.

முடி எடுக்கும் மண்டபத்தில் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமாக எடுப்பவர் தலையை முடித்துவிட்டுக் கத்தியை மடக்கப் போனார்.

"மீசையும்" என்றார் குணசேகரன்.

கத்தி அப்படியே நின்றது. "இன்னா மீசைக்காரரே, வூட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. எடு."

ஒரு பக்கம் போயிருந்தபோது, தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "எனக்கும் மீசயச் சேத்து எடுத்துடுப்பா. யாராவது கேட்டா வேண்டுதல்."

குணசேகரன் எட்டிப் பார்த்தார். பள்ளிப்பட்டுக் கிருஷ்ணன். மொட்டைத் தலையும் முழு மீசையுமாக அவர் இவரைப் பார்த்தார். இவர் அரை மீசையோடு அவரைப் பார்த்தார்.

"வூட்ல பையன் புடவைய விரிச்சி, பொம்ம கார்ல கயிறு கட்டிக் காட்டினான்" என்றார் கிருஷ்ணன். "அவன் அம்மா புடவைய அந்தாண்ட இழுக்கறா, காரு பாட்டுக்கு இந்தாண்ட வருது. உங்களுக்கு?"

"ஆலைல. நானே பண்ணிப் பாத்தேன்."

முதலில் சிரித்தது முடி எடுப்பவர்தான். பிறகு கத்தியை வைக்க முடியாத அளவுக்கு இரண்டு பேரும் குலுங்கினார்கள். அசையாதீங்க, உதடு போயிடும் என்று அதட்டித்தான் மீதியை எடுக்க வேண்டியிருந்தது.

சந்தனம் பூசிய இரண்டு தலைகள் வாசலில் வந்து நின்றபோது தேவகி வாயைப் பொத்திக்கொண்டு மோர் எடுக்க உள்ளே ஓடினாள். அம்மு அப்பாவின் மேலுதட்டையே பார்த்தாள்.

"ப்ளேன் ஏறிடுச்சா, நைனா?"

"ஆங். ஏறிடுச்சு" என்றார் குணசேகரன். "நிச்சயத்துக்கு ஆனியில ஒரு நல்ல நாளாப் பாக்கலாம்."

நிச்சயதார்த்தப் படத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இருபுறமும் இரண்டு வழவழப்பான முகங்கள் இருக்கின்றன. கேட்டவர்களிடமெல்லாம் புள்ளைங்களுக்காக வேண்டிக்கிட்டோம் என்றார்கள். நவீன்குமார் மட்டும் சிரிப்பை அடக்கியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தியில், ஓடும் ரயிலுக்குள் பறக்கிற ஈயைப் பற்றி அம்முவின் சித்தப்பா ஒரு புதிர் போட்டார். சம்பந்திகள் இருவருக்கும் கை தானாக மேலுதட்டுக்குப் போயிற்று. இந்த முறை இருவரும் பந்தயம் கட்டவில்லை. கட்டுவதற்கு முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.