துவாய்க்குக் கீழே

நீலக்கோடு போட்ட குளியல் துவாயை விசைப்பலகையின் மேல் விரித்து, அதற்குள் இரண்டு கைகளையும் விட்டு, பார்வையைத் திரையில் வைத்தபடி பெர்னடெட் தட்டிக்கொண்டிருக்கிறார். அறையில் வேறு எவரும் இல்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும், "அண்ணை, அதிலையே நில்லுங்கோ, உள்ளுக்கு வராதையுங்கோ!" என்று ஒரு கத்தல். குளிக்கிற இடத்துக்குள் யாரோ எட்டிப் பார்த்துவிட்டது போன்ற பதற்றம். தட்டி முடிந்ததும் துவாயை உதறி மடித்துக் கதிரை முதுகில் போட்டுவிட்டுச் சிரிக்கிறார். "இப்ப வாங்கோ. தேத்தண்ணி குடிப்பியளோ?"

குருநகரில், கடற்காற்று நேராக வந்து மோதுகிற வீடு. அதன் முன்னறைதான் பெர்னடெட்டின் தொழிற்கூடம். ஸ்ரூடியோக்காரர் படம் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு வீடியோவாக்குவது இவர் வேலை. கலியாணம், முதல்நன்மை, பிள்ளை பெரியவளாகிற சாமத்திய வீடு, செத்தவீடு எல்லாம் இந்த ஒரு மேசையைக் கடந்துதான் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போகின்றன. உப்புக் காற்றுக்குப் பயந்து ஹார்ட் டிஸ்குகளைப் பழைய பிஸ்கற் ரின்களில் வைத்திருக்கிறார். சப்பாத்துப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் போடுவார்களே, அதை இவருக்காகவே எடுத்து வைக்கிற கடைக்காரர்கள் பெரியகடைப் பக்கம் இருக்கிறார்கள்.

வேலை முடிந்த பிறகும் மூலப் படங்களை இவர் அழிப்பதில்லை. அப்படியே விட்டுவைப்பதுமில்லை. கணினியில் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் படங்கள் முழுவதையும் அது ஒரே பெட்டிக்குள் போட்டு, யாராலும் வாசிக்க முடியாதபடி குழப்பிப் பூட்டிவிடும். கடவுச்சொல்லை அடித்தால்தான் திறக்கும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் குப்பை. பெர்னடெட் இதைப் பெட்டகம் என்கிறார். அந்தக் கடவுச்சொல்லை அந்தந்த வீட்டுக்காரரே வந்து, துவாய்க்குக் கீழே, தங்கள் கையால் இரண்டுதரம் அடிக்க வேண்டும். அதுவரை இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"மறந்து போனா என்ன செய்யிறது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்டும் செய்யேலாது. பின்கதவு வைச்ச வீட்டுக்குப் பூட்டு எதுக்கு?"

என் வீட்டுப் படங்களுக்கும் இங்கே ஒரு பெட்டகம் இருக்கிறது. முதல் நாள் நான் பெருமையாக, ஒருபோதும் மறக்க முடியாத கடவுச்சொல் வைத்திருப்பதாகச் சொல்லி, அது என் மோட்டார் சைக்கிள் இலக்கம் என்றும் சொல்லிவிட்டேன். மனுசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "றோட்டிலை ஓடித்திரியிற நம்பரை வைச்சது ஒரு விசர். அதை எனக்குச் சொன்னது மற்ற விசர். மாத்துங்கோ. சூடை மாதிரிச் சின்னனா வைச்சா ஆரும் வாயிலை போட்டிடுவான். அறுக்குளா மாதிரி நீட்டா வையுங்கோ." இவருடைய உவமைகள் எல்லாம் மீன் சந்தையிலிருந்துதான் வரும். கணவர் சிமியோன் கடற்தொழிலுக்குப் போகிறவர். அவருக்கும் விலக்கில்லை. "இவ்வளவு காலமா ஒரே சட்டியிலை சோறு தின்னிறம். எனக்கே சொல்லமாட்டாள்" என்பார். அவரும் அறைக்குள் வருமுன் ஒருதரம் செருமிவிட்டுத்தான் வருகிறார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. முன்பு நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்தார், பெயர் வேண்டாம். அங்கிருந்து திருத்தப் போன கணினி ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுப் படங்கள் வெளியே போய், யார் யாருடைய கைத்தொலைபேசிகளிலோ சுற்றின. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவதையே விட்டுவிட்டது. முதலாளி, "எல்லாம் கொஞ்ச நாளையிலை மறந்துபோடும்" என்றாராம். பெர்னடெட் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். "அந்தப் பிள்ளையின்ரை முகத்தைச் சோடிச்சு எடிற் பண்ணினது நான் அண்ணை" என்று சொல்லும்போது இப்போதும் குரல் உடைகிறது.

இவ்வளவு கெட்டியான மனுசியை இந்த வருசம் அதே பூட்டு அழவைத்துவிட்டது.

ஜஸ்ரின் என்ற இளம் கடற்தொழிலாளியின் கலியாண வீடியோவை இவர்தான் செய்தார். மனைவி றொசாந்தி கர்ப்பமாக இருந்தபோது, சோளகக் காற்றில் அவனுடைய வள்ளம் கவிழ்ந்தது. கடல் அவன் உடலைத் திருப்பித் தந்தது, கைத்தொலைபேசியைத் தரவில்லை. மகள் பிறந்தபோது அவளுக்குக் கேட்கவைக்கத் தகப்பனின் குரல் எங்கும் இல்லை. அவன் குரல் பதிவு அனுப்புகிற ஆளில்லை. கரைக்கு வந்ததும் ஒரு மிஸ்ட் கோல் அடிப்பான். உலையை வை என்று அதற்கு அர்த்தம். கலியாண வீடியோவில் அவன் நடக்கிறான், சிரிக்கிறான், வாயசைக்கிறான். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டுத்தான் ஓடுகிறது. எங்கள் ஊர்க் கலியாண வீடியோக்கள் எல்லாம் அப்படித்தானே.

"நான்தான் பாட்டைப் போட்டு அவன்ரை குரலை அமத்தினனான்" என்று பெர்னடெட் தலையில் கை வைத்துக்கொண்டார். சத்தத்தோடு கூடிய மூலப் படம் பெட்டகத்துக்குள் இருக்கிறது. கடவுச்சொல்லை ஜஸ்ரின் தனியாக வந்து அடித்துவிட்டுப் போனான். மனைவியிடம்கூட அவன் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலைப் பூசை முடிந்து வந்ததும், வேறு வேலை தொடுமுன், பெர்னடெட் அந்தப் பெட்டகத்துக்கு முன்னால் இருந்து தோன்றுகிற சொற்களையெல்லாம் அடித்துப் பார்க்கிறார். யாருமில்லாத அறையில் துவாயை விரித்து நான் கண்டது அதைத்தான். தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரின் படம் தலைக்கு மேலேயே தொங்குகிறது. அவரைக் கேட்கக்கூடாதா என்றேன். "துலைஞ்சதுக்குத்தான் அவர். இது துலையேல்லையே, கிடக்கு" என்றார். பூட்டு நன்றாக இருப்பதில் ஒரு பெருமையும் அதே பூட்டின் மேல் ஒரு கோபமுமாக, இரண்டுக்கும் நடுவில் மனுசி மெலிந்துகொண்டே வந்தார்.

போன கிழமை நான் போனபோது றொசாந்தி குழந்தையோடு வந்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல பெர்னடெட் அடித்துக்கொண்டிருந்தார்.

"வள்ளத்தின்ரை பேர்?"

"அது முதலே பாத்தனாங்கள், அன்ரி."

"தாயின்ரை பேர்?"

"அதும் பாத்தாச்சு."

பெர்னடெட் கையை வெளியே எடுத்தார். "பிள்ளை, அவன் அதை அடிக்கேக்கை சிரிச்சவன். நான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனான், எனக்குக் கேட்டது. ரெண்டாந்தரம் அடிக்கேக்கையும் சிரிச்சவன். வள்ளத்தின்ரை பேரை அடிச்சுப்போட்டு ஆரும் சிரிப்பினமோ?"

றொசாந்தி குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினாள். "அவர் என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுறவர்... வீட்டிலை, ஒருத்தரும் இல்லாத நேரத்திலை. வேண்டாம் அன்ரி. அது சொல்லேலாது."

பெர்னடெட் தன் நெற்றியில் ஓர் அடி அடித்துக்கொண்டார். "நானொரு விசரி! ஊருக்கெல்லாம் அவரவர் கையாலை அடிக்கோணும் எண்டு சட்டம் போட்டுட்டு, உன்னட்டை வாயாலை கேட்டுக்கொண்டிருக்கிறன்." எழுந்து றொசாந்தியைக் கதிரையில் இருத்தி, அவளுடைய கைகளின் மேல் துவாயை விரித்துவிட்டார். குழந்தை என் கைக்கு வந்தது. "நீங்களும் திரும்புங்கோ அண்ணை."

இரண்டுபேரும் சுவரில் இருந்த கோயில் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிற சத்தம். நடுவில் நின்றது. மறுபடி தொடர்ந்தது. பெர்னடெட்டின் உதடுகள் அசைந்தன, செபமாக இருக்கவேண்டும். குழந்தை மட்டும் என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்ரி... திறந்திட்டுது" என்றாள் றொசாந்தி.

பெர்னடெட் உடனே திரும்பவில்லை. "துவாய் கிடக்கட்டும். அடிச்ச சொல்லு திரையிலை தெரியேல்லைத்தானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் திரும்பினார். பெட்டகத்துக்குள் இருந்த படங்களில் மாப்பிள்ளை வீட்டுப் பகுதியைத் தேடி எடுத்தார். வேட்டியைச் சரிசெய்தபடி ஜஸ்ரின் கமராவைப் பார்த்தான். பாட்டு இல்லை. கோழி ஒன்று கொக்கரித்தது. யாரோ சமையல் கிடாரத்தை இழுக்கிற சத்தம். பிறகு அவன்.

"அண்ணை, எடுக்கிறியளோ? பொறுங்கோ, பொறுங்கோ, தலை இழுத்திட்டு வாறன்."

அவ்வளவுதான் பேசிவிட்டுச் சீப்பைத் தேடி ஓடினான். றொசாந்தி அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். குழந்தை யார் கதைக்கிறார்கள் என்று என் முகத்தைப் பார்த்தது, பிறகு திரையைப் பார்த்தது. பெர்னடெட் அழுதுகொண்டே, "இதுக்கு மேலையோ நான் பாட்டுப் போட்டனான், ஆண்டவரே" என்றார். நானும் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

குரல் இருக்கிற பகுதிகளை ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்து, பெட்டகத்தைப் பழையபடி பூட்டியாயிற்று. குழந்தையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போன றொசாந்தி திரும்பி வந்தாள்.

"அன்ரி, எனக்கொண்டு நடந்தா இவளுக்கு ஆர் திறந்து குடுக்கிறது? நீங்களும் அறிஞ்சு வைச்சிருங்கோ. உங்களுக்குத்தானே, சொல்லுறன்." வெட்கத்தோடு பெர்னடெட்டின் காதருகே குனிந்தாள்.

"வேண்டாம், வேண்டாம்! அவள் வளரட்டும், அவளின்ரை காதிலை சொல்லு" என்று பின்வாங்கிய பெர்னடெட், கதிரையில் கிடந்த துவாயை இழுத்துத் தலையோடு மூடி, இரண்டு கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.