எஸ்எஸ்டி வாங்கிவிட்டு வருகிறவர்கள்

லேப்டாப் ரிப்பேர் தொழிலில் கஷ்டமான வேலை ரிப்பேர் செய்வது அல்ல. ஒருவர் ஆசையாக வாங்கிக்கொண்டு வந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது உங்க மெஷினுக்குச் சேராதுங்க" என்று சொல்வதுதான்.

குமுளியில் கம்பம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர் மாடியில் என் கடை. நான் பிறந்தது கொல்லங்கோடு. ஜீப் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்துசேர்ந்தேன். கடையில் கூட வேலை செய்கிறவர் ஜோமோன், உள்ளூர்க்காரர். மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

லேப்டாப்பை ஆன் பண்ணிவிட்டு, டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்த பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிவிட்டு, அதே வேலையைச் சுற்றாமல் செய்கிற எஸ்எஸ்டி போடு, பறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது சரிதான். எந்த எஸ்எஸ்டி என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு கேள்வியோடு நீங்கள் மாட்டிக்கொண்ட மாதிரியேதான் என்னிடம் வந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

அரம் பட்ட இடம்

கணேசன் அண்ணன் வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். மெஷின் நின்றால் அவரைத்தான் தேடுவார்கள். மனைவி பூங்கொடி வீட்டில் இருந்தபடியே மலையாளக் காகிதங்களைத் தமிழில் டைப் செய்து கொடுக்கிறவர். லேப்டாப் பாதியில் உறைந்து நின்றுவிடும், டைப் செய்தது போய்விடும். ஒருநாள் ஒரு குடும்பத்தின் பத்திரம் முழுக்க அப்படிப் போய், பூங்கொடி உட்கார்ந்து அழுதிருக்கிறார். கணேசன் யாரிடமும் கேட்கவில்லை. ஆன்லைனில் ஒரு எஸ்எஸ்டி வரவழைத்தார். பூங்கொடி அம்மா வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, திரும்பி வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று தானே பின்மூடியைக் கழற்றிவிட்டார்.

பொருள் உள்ளே போகவில்லை. அவர் வாங்கியதைப் போன்ற பட்டை வடிவ எஸ்எஸ்டியில் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்று சாட்டா, பழையது. இன்னொன்று என்விஎம்இ, புதியது, வேகமானது. தூரத்திலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான். முனையைப் பார்த்தால், சாட்டாவுக்குப் பெரும்பாலும் ரெண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இக்கு ஒன்றுதான் இருக்கும். பூங்கொடியின் லேப்டாப் சாட்டா மட்டும் ஏற்கிற மாடல். இவர் வாங்கியது மற்றது.

அதை என் மேஜையில் வைத்தபோது நானே ஏமாந்துபோனேன். ரெண்டு வெட்டு இருந்தது. சாட்டாதானே, ஏன் சேரவில்லை என்று யோசித்தேன். விளக்குக்குக் கீழே கொண்டுபோனால், ரெண்டாவது வெட்டு கம்பெனி போட்டது இல்லை. அரத்தால் ராவியது. ஒரு பிசிறு கிடையாது, கோடு பிடித்த மாதிரி நேர். அந்த இடத்தில் இருந்த தங்க நிறப் பற்களும் கூடவே போயிருந்தன. ஜோமோன் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

விஷயத்தைச் சொன்னதும் கணேசனின் முகம் வாடிவிட்டது. பொருந்தாததை ராவிப் பொருத்துவதுதான் தன் வேலை என்றும், ராவிக் கெடுத்த பொருள் என்று இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை என்றும் மெல்லச் சொன்னார். நல்லவேளையாகப் பழைய ஹார்ட் டிஸ்கில் அவர் கை வைக்கவில்லை. சரியான சாட்டா ஒன்றைப் போட்டு, பூங்கொடியின் ஃபைல்களை எல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தோம். கிளம்பும்போது, நடந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து பூங்கொடி ஒரு மவுஸ் வாங்க வந்தார். லேப்டாப் நன்றாக ஓடுகிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா ஓடுதுக்கா. ஊர்ல இருந்து வந்த அன்னிக்கே மேசைல அரத்தூள் கெடந்துச்சு, தொடச்சு விட்டுட்டேன். எனக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நீங்களும் அப்படியே வச்சுக்கங்க."

நீளம்

சரோஜா அக்கா ஏலக்காய் வாங்கி, சலித்து, தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புகிறவர். புருஷன் போன பிறகு கடையைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவர். அவரை ஏமாற்ற இந்த ஊரில் ஒருத்தர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவர் வாங்கி வந்த எஸ்எஸ்டி ஜாதியில் சரி, வெட்டில் சரி. ஆனால் எண்பது மில்லிமீட்டர் நீளம். அவருடைய சின்ன லேப்டாப்பில் நாற்பத்திரண்டுக்குத்தான் இடம். அதற்கு மேல் பேட்டரி வந்து மறித்துக்கொண்டது. எஸ்எஸ்டி விற்ற கடைக்காரர் ரெண்டு நீளத்தையும் எடுத்துக் காட்டியிருக்கிறார். இவர்தான் பெரியதாகப் பார்த்து எடுத்திருக்கிறார்.

நீளம் கூடினால் அதில் பிடிக்கிற அளவும் கூடும் என்று இல்லை, ரெண்டும் வேறு வேறு என்று விளக்கினேன். அக்கா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாற்றிக்கொண்டு வரக் கீழே இறங்கியவர், படியில் நின்று சொன்னார்: "விடிஞ்சா எட்டு எம்எம் காயா, ஏழு எம்எம் காயான்னு சல்லடை போட்டுப் பாக்கிறவ நான். இதைச் சலிச்சுப் பாக்கணும்னு தோணலியே."

உள்ளே இடம் இல்லை

சூரியநெல்லியிலிருந்து செல்லத்துரை வந்த நாள் நல்ல மழை. லேப்டாப்பைப் பழைய கம்பளியில் சுற்றி, அதன்மேல் உரப்பை போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தோள் முழுக்க நனைந்திருந்தது, லேப்டாப்பில் ஒரு துளி இல்லை. எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை. மகள் கௌசல்யா பி.காம். கடைசி வருஷம். யாரோ ஒரு புண்ணியவான் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்பில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இப்போது ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில், இடம் இல்லை, இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டே அது நின்றுபோகிறது. வகுப்பை விட்டுவிட்டு அவள் வர முடியாது. அதனால் அப்பா லீவு போட்டு மலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு எஸ்எஸ்டி பெட்டியை எடுத்தார். தீப்பெட்டியை விடப் பெரிய, தகடு மாதிரி இருக்கிற வகை. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காருகிற சாமான்.

பின்மூடியைத் திறந்து பார்த்தேன். அந்த லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கே கிடையாது. டிஸ்குக்குப் பதிலாக ஒரு மெமரி சிப்பை மதர்போர்டு பலகையோடு சேர்த்து ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். எடுக்கவும் முடியாது, பக்கத்தில் இன்னொன்று சொருக ஸ்லாட்டும் இல்லை. இதைச் சொன்னதும் அவர் எஸ்எஸ்டியை மறுபடியும் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடிய கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

ஜோமோன்தான் அலமாரியில் துழாவி ஒரு யுஎஸ்பி உறையைக் கண்டுபிடித்தார். செல்லத்துரை கொண்டுவந்த எஸ்எஸ்டியை அதற்குள் போட்டு, சின்ன வயரால் லேப்டாப்போடு இணைத்தோம். பாடம், ப்ராஜெக்ட், போட்டோ எல்லாவற்றையும் வெளியே அதற்கு மாற்றினோம். உள்ளே இடம் விட்டதும் லேப்டாப் மூச்சு விட ஆரம்பித்தது. புது லேப்டாப் வேகம் வராது, ஆனால் நின்றுபோகாது என்று மறைக்காமல் சொன்னேன். வயர் ஆடாமல் இருக்க உறையை மூடியின் முதுகிலேயே ஒட்டிக் கொடுத்தோம். மகளுக்கு போன் போட்டு, எதை எங்கே வைத்திருக்கிறோம் என்று நானே சொன்னேன். அவள் ப்ராஜெக்ட் ஃபைலின் பெயரைச் சொல்லி, அது இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இருக்கிறது என்று சொல்லச் சொல்ல அப்பாவின் தோள் தளர்ந்தது.

கம்பளியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க எஸ்டேட் லயத்து வீடும் இதே கணக்குத்தான் தாயி. உள்ள ஒரு செங்கல்லு கூட்ட முடியாது. வெளியில சாய்ப்பு எறக்கித்தான் எம்மக படிக்கிறா."

வெள்ளை டேப்

மல்லிகா சிஸ்டர் படுக்கையில் கிடக்கிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். கரடுமுரடான ரோட்டில் ஜீப் குலுங்குகிற நாளெல்லாம் லேப்டாப் திடீரென்று டிஸ்க் காணோம் என்று சொல்லும். நோயாளியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போன தடவை என்ன மருந்து என்று பார்க்க முடியாமல் தவிக்க வேண்டியிருக்கிறது என்றார். முன்பு வேறெங்கோ எஸ்எஸ்டி மாற்றியவர்கள், அதை அழுத்திப் பிடிக்கிற ஒற்றை ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டார்கள். அந்தப் பட்டை ஒரு பக்கம் சொருகியபடி மறுபக்கம் எம்பி நிற்கும், அதன் சுபாவம் அது. சிஸ்டர் தானே திறந்து, கையில் இருந்த மருத்துவ டேப்பால் ஒட்டியிருந்தார். சூட்டில் பசை இளகி, குலுங்கும்போதெல்லாம் எம்பியிருக்கிறது.

கடுகு மாதிரி ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான் வைத்தியம். நான் உரித்துப் போட்ட டேப்பை அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்: "எத்தனையோ பேருக்கு மூக்குல ட்யூப்பை இதுலதான் ஒட்டியிருக்கேன். ஒருத்தருக்கும் கழண்டதில்ல."

சத்தம் வராத டிஸ்க்

தேர் பார்க்கக் கொல்லங்கோடு போயிருந்தேன். ஊருக்குப் போனால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போகக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், எடுத்துத்தான் போவேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வயல்காரர் பழனிச்சாமி அண்ணன் வந்து, லேப்டாப்பை ஒருதரம் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மகள் குவைத்தில் நர்ஸ். அவள் படிக்கும்போது வைத்திருந்த லேப்டாப். அவர் மனைவி தெய்வானை அக்காவுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, இன்னொன்றும் மங்கல். போன் திரையில் மகள் முகம் வெறும் நிறமாகத்தான் தெரியும். பெரிய திரை என்பதால் இந்த லேப்டாப்பில்தான் மகளைப் பார்ப்பது. பேட்டரி செத்துவிட்டது, அடிக்கடி கரண்ட் போகும், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆன் பண்ண வேண்டும். மகளுக்கு வேலைக்கு நடுவே கிடைக்கிறது சின்ன இடைவேளை. லேப்டாப் எழுந்து வருவதற்குள் அது முடிந்துபோகும்.

இது ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற பழைய மாடல். தகடு வகை எஸ்எஸ்டி அப்படியே சேரும். பாலக்காட்டிலிருந்து ஒன்று வாங்கி வரச் சொல்லி, பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே நகல் எடுத்துப் போட்டேன். புதியது கொஞ்சம் ஒல்லி. அதனால் ஆடியது. விதைப் பாக்கெட்டின் அட்டையை வெட்டி அடியில் கொடுத்ததும் இறுகி உட்கார்ந்தது. ஆன் பண்ணியபோது அண்ணன் காதைக் கொண்டுபோய் கீபோர்டில் வைத்தார். பழைய டிஸ்க் கொரகொரவென்று ஓடும். இதில் சத்தமே இல்லை. போர்வெல் மோட்டாரில் சத்தம் நின்றால் உள்ளே காயில் கம்பி புகைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பயம் அவருக்கு. அவர் தலையை நிமிர்த்துவதற்குள் திரையில் மகளின் கல்லூரிப் படம் வந்து நின்றது.

மறுநாள் மத்தியானம் மகள் கூப்பிடும்போது நானும் அங்கே இருந்தேன். அக்கா திரைக்கு மிகக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். என்ன சாப்பிட்டாய், தலைமுடி ஏன் இப்படிக் கொட்டியிருக்கிறது, அந்த ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் கேட்டார். மகள் ஜன்னலைக் காட்டினாள். பேசி முடிந்து திரை அணைந்த பிறகும் அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத்தன நாளா அவ 'வெச்சர்றேன்மா'ன்னு சொல்றப்பத்தான் அவ மூஞ்சி தெரியும் கண்ணு. இன்னைக்குத்தான் 'அம்மா'ன்னு கூப்படறப்ப பார்த்தேன்."

வெட்டு, நீளம், தடிமன், ஸ்லாட் என்று எல்லாம் பார்த்து எந்த லேப்டாப்புக்கும் சரியான எஸ்எஸ்டியை நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவேன், அதை வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுகிற ஆளைத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.