யாருக்கு மூலம்?

போன வெள்ளிக்கிழமை எனக்கு வளைகாப்பு. சந்தோஷமாக எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால், நினைத்தாலே முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை...

ஏழாம் மாதத்தில் எனக்கு மூலம் வந்துவிட்டது. ஆமாம், அதேதான். உட்கார்ந்தால் கடுப்பு, எழுந்தால் எரிச்சல். லேடி டாக்டர், "பிள்ளைத்தாச்சிக்கு இது சகஜம்மா" என்றார். நிறையத் தண்ணீர் குடி, வெந்நீரில் உட்கார் என்று சொல்லிக் களிம்புக்குச் சீட்டும் கொடுத்தார். சகஜமாம்! அதை வாய்விட்டு யாரிடம் சொல்வது?

கணவரை மருந்துக்கடைக்கு அனுப்பினேன். தூத்துக்குடியில் எந்தக் கடைக்காரருக்கு மெல்லப் பேச வரும்? "யாருக்குத் தம்பி மூலம்?" என்று தெருவே கேட்கக் கேட்டிருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்ற இவர், "எனக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். மறுநாள் இவர் வேலை பார்க்கும் துறைமுக ஆபீஸில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்களாம். மாமியார் காதுக்கும் எட்டியது. மூலத்துக்கு நல்லதென்று தினமும் கருணைக்கிழங்கு மசியல் — மகனுக்கு! "உனக்கு நாக்கு செத்துக் கெடக்கும்ளா" என்று எனக்கு மட்டும் காரம் தூக்கலாக மீன்குழம்பு. தின்றுவிட்டுக் கொல்லைப்புறத்தில் அழுதேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

வளைகாப்பன்று என்னை மணைப்பலகையில் உட்கார வைத்தார்கள். எதிரே நாற்காலியில் கணவர். அத்தனை பெண்களுக்கு நடுவே மாமியார் ஒரு தலையணையோடு வந்தார்.

"ஏலே, இதப் போட்டு உக்காரு. மூலம் கடுக்கும்லா!"

ஒரே சிரிப்பு. பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ பலகையில் உயிர் போகிறது. எவ்வளவு நேரம்தான் பல்லைக் கடிப்பது? எழுந்துவிட்டேன்.

"ஏளா, பாதியில எந்திரிக்கப்பிடாது!" மாமியார் அதட்டினார்.

"அத்தை, அந்தத் தலையணைய இங்கன தாங்க. மூலம் அவுகளுக்கு இல்ல... எனக்குத்தான்."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. மாமியார் மகனுக்கு அடியிலிருந்து தலையணையை உருவி வந்து என் பலகையில் போட்டார்.

சடங்கு தொடர்ந்தது. சந்தனம் பூச வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து என் காதில் முணுமுணுத்தார்கள்.

"எனக்கும் இருந்துச்சுளா..."

"மூத்தவ வயித்துல இருக்கையில நான் படாத பாடா?"

கடைசியாக மாமியார். கணவரைக் கண்ணால் காட்டி, "இவன் வயித்துல இருக்கையிலதான் எனக்கு..." என்றார்.

அத்தனை பேரும் காதோடு காதாகச் சொன்னார்கள். ஊரறியச் சொன்னது — நான் ஒருத்திதான்!