எழுபதைத் தாண்டினால் நடுக்கம்

எனக்கு வயது எழுபத்தொன்று, என் காருக்கு ஆறு. இருவரில் யாருக்கு நடுக்கம் என்பதுதான் போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த வழக்கு.

மகளோடு ஹெப்பகோடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேம்பாலத்தில் வேகம் எழுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. அவள் ஸ்டியரிங்கைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

"அப்பா, உங்க கையிலதான் கோளாறு. ஓட்டினது போதும்பா, இனிமே கேப் புக் பண்ணிக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் சாவி அவள் கைப்பைக்குள் போய்விட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்பது வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன், ஒரு ஆட்டோவையாவது இடித்திருப்பேனா? ஒன்றை இடித்தேன். அது அவன் தப்பு.

சாவியைத் திரும்ப வாங்க வேண்டுமே! கெஞ்சிக் கூத்தாடி அவளை நீலசந்திராவில் ஒரு டயர் கடைக்கு ஓட்டிவரச் செய்தேன்.

"ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா சார்?" என்றார் கடைக்காரர். "ஸ்டியரிங்னா முன் வீல், சீட்னா பின் வீல்."

"கை ஆடினா?" என்றாள் மகள்.

"அதுக்கு டாக்டர்கிட்ட போவணும் மேடம்," என்றார் அவர், சிரிக்காமல்.

ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று அவரும் ஏறிக்கொண்டார். எழுபதில் வரும் கோளாறை, இருபதைத் தாண்ட முடியாத தெருவில் எப்படிக் காட்டுவது? விவேக் நகர் போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. வண்டி பரம சாதுவாக வந்தது.

"ஒண்ணும் இல்லையே சார்."

மகள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. "மேம்பாலத்துக்கு விடு!" என்று கத்திவிட்டேன்.

அறுபது. அறுபத்தைந்து. பின் சீட்டில் நான் ஆடு, ஆடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எழுபதில் ஆடியது பாருங்கள்! மகளின் கை, வாட்ச், வளையல் எல்லாம் சேர்ந்து ஆடின.

"இந்த வயசிலேயே உனக்கு நடுக்கமாம்மா?" என்று கேட்டேன். எத்தனை நாள் காத்திருந்த கேள்வி!

கடைக்குத் திரும்பியதும் அவர் முன் சக்கரத்தைக் கழற்றி மெஷினில் சுற்றவிட்டார். பிறகு ரிம்மின் உள்பக்கம் விரலால் தடவினார்.

"கொஞ்சம் இங்க பாருங்க சார். வீல் ஆடாம இருக்க, பேலன்ஸுக்கு ஒட்டுற வெயிட் நாலு இருந்திருக்கு, இப்போ பசை மட்டும்தான் இருக்கு. தானா விழல, யாரோ நெம்பி எடுத்திருக்காங்க. எந்தப் புண்ணியவான்?"

எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. அன்று காரை நானே கழுவினேன். ரிம்முக்குள் வரிசையாக ஒட்டியிருந்த சாம்பல் நிறத் துண்டுகளை அழுக்கு என்று நினைத்து, அரை மணி நேரம் போராடிச் சுரண்டி எறிந்தேன். கம்பெனிக்காரன் இவ்வளவு அசிங்கமாகவா வண்டி விற்பான் என்று திட்டவும் செய்தேன்.

என் முகத்தைப் படிக்க அவளுக்கு மெஷின் வேண்டாம்.

"நம்ம தோசைத் திருப்பி வளைஞ்சது இப்படித்தானா?"

தலையாட்டினேன். அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்லப்பா, உங்க கையிலதான் கோளாறுன்னு."