பிள்ளைக் காம்பராவில் ஒரு நாவல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பிடித்த புத்தகத்தை அடுத்தவர் தலையில் கட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது உங்கள் தலையில் கட்டப் போவது ஒரு தோணிக்காரியின் கதை. அவள் கூலியாகக் காசு வாங்குவதில்லை. கரை சேர்வதற்குள் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். ஒரு நாள் ஏறிய ஆள், "என்னிடம் கதையே இல்லை" என்கிறான். அவளும் பிடிவாதக்காரி, தோணியை நடு ஆற்றில் நிறுத்திவிடுகிறாள். மிச்ச நாவல் முழுக்க அந்தத் தோணியிலேயே நடக்கிறது.

புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. போன வருஷம் கொடகவெலயிலிருந்து கல்யாணமாகி வந்த ஒருத்தி என்னோடு சேர்ந்தாள். வாயாடி. சிங்களத்தில் எழுத வேண்டிய பதிவுகளை மணிமணியாக எழுதுவாள். எனக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது. கதை பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நாவலை அவளிடம் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள்.

"நல்லா இருந்துச்சுக்கா."

அவ்வளவுதானா? எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகள் தூங்கிய மத்தியான நேரத்தில் குடைந்தேன். "அந்த ஆளு கடைசியில கதை சொல்ல வாயத் தொறக்கிற எடம் இருக்கில்ல, அத எடு. இன்னொருக்கா படிப்போம்."

பக்கங்களைப் புரட்டினாள். முன்னால் போனாள், பின்னால் வந்தாள். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துவிட்டாள்.

"அனே அக்கா, நான் படிச்சது சிங்கள இஸ்கோலே. தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. சொன்னா அப்புறம் எங்கிட்ட கதை பேச மாட்டீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படிப் படித்தவர்கள்தான். தமிழ் பேசுகிறவளுக்குப் படிக்கவும் தெரியும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் நான் வாசித்தேன், அவள் கேட்டாள். சும்மா கேட்கவில்லை. "அந்தப் பொம்பள சொந்தக் கதையச் சொல்லவே இல்லியே, ஏன்?" என்றாள் ஒரு நாள். இரண்டு தடவை படித்த எனக்கு அது தோன்றியதே இல்லை. பொறாமையாக இருந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இத வாசிக்காதீங்க. நான் வாசிச்சு ஒங்களுக்குச் சொல்றேன்."

சுவரில் பிள்ளைகளுக்காக மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்து, விரல் வைத்துக் கூட்டி வாசிக்கிறாள். இரண்டு மாதத்தில் ஒன்றரைப் பக்கம் தாண்டியிருக்கிறாள். முடிவு எனக்குத் தெரியும். ஆனாலும் தினமும், "எங்க வந்துட்ட?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

"பேசாம இருங்கக்கா," என்கிறாள், தலை நிமிராமல். "அவன் இப்பத்தான் வாயத் தொறக்கிறான்."