வேலன் இருந்த விரதம்

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடுங்கள். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் நிற்கும் கூட்டம் மாதிரி அது. ஒன்றின் தோளில் ஒன்று ஏறித்தான் நிற்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். எந்த இடத்தில் எந்த 'ர' என்பதை இன்றைக்கும் குத்துமதிப்பாகத்தான் போடுகிறேன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். தண்டனையாக என்னைப் பெஞ்சு மேல் ஏற்றவும் முடியாது, முட்டி வலி.

போன வாரம் கண்ணாடி வாங்கப் போனேன். கடைப்பெண் ஒரு சின்னக் குப்பியிலிருந்து எதையோ துணியில் தெளித்துக் கண்ணாடியைத் துடைத்தாள். குப்பென்று ஸ்பிரிட் வாடை. "அங்கிள், முன்ன கண்ணாடி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

என் வாய் தானாகவே, "வீட்டுல இருக்கு" என்றது.

சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது. அந்தப் பொய்யைக் கடைசியாகச் சொல்லி முப்பது வருடம் ஆகியிருக்கும். வாடைதான் அதை வெளியே இழுத்துவிட்டது.

அது டைப்ரைட்டர் வாடை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டவுனில் ஒரு டைப்பிங் வகுப்பில் எடுபிடியாக இருந்தேன். மாடியில் வகுப்பு, கீழே நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடை. காலையில் கதவைத் திறப்பது, கூட்டுவது, ரிப்பன் மாற்றுவது, பழைய பல்துலக்கியை ஸ்பிரிட்டில் நனைத்து டைப்ரைட்டர் எழுத்துகளைத் தேய்ப்பது என் வேலை. யோசித்துப் பாருங்கள். ஏ முதல் இசட் வரை எல்லா எழுத்துக்கும் தினமும் பல் விளக்கிவிடுகிறவன் நான். ஆனால் அவற்றில் நாலு சேர்ந்து நின்றால் யார் எவரென்று எனக்குத் தெரியாது. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. டைப்பிங் வகுப்பில் இங்கிலீஷ் தெரியாதவன் என்றால் சிரிப்பார்களே என்ற பயம்.

முக்கியமாக டீச்சர் சிரித்துவிடக்கூடாது. அவர் பெயர் தங்கேஸ்வரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கான்வெண்டில் படித்தவர் என்பதால் இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. எங்களிடம் எங்களைப் போலத்தான் பேசுவார். மனதுக்குள் ஏதாவது அசைந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும், 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார். என்னைவிட இரண்டு வயது இளையவர். என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டு, நான் தப்பாக நினைக்க இருந்த எல்லாக் கதவையும் முதல் நாளே சாத்திவிட்டார். முதல் மூன்று வருடத்தில் நான் அவரிடம் பேசியது இரண்டே வாக்கியம்: "சாவி இங்க இருக்கு டீச்சர்", "ரிப்பன் மாத்திட்டேன் டீச்சர்".

பிறகு வகுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதன் திரையையும் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. படிக்க வந்த யாரோ அதில் ஒரு விளையாட்டை ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிவரை வகுப்பு காலியாக இருக்கும். ஒரு நாள் அந்த நேரத்தில் டீச்சர் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்க வாங்களேன். இவன் பேரு கேக்குறான்."

திரையில் கோட்டை, கொடி, இரும்புச் சட்டை போட்ட வீரர்கள். வெள்ளைக்காரர்களின் பழைய ராஜா காலம். நாமே ஓர் ஆளைச் செய்து அந்த ஊருக்குள் அனுப்ப வேண்டுமாம். "இதுல என்ன எழுதியிருக்கு பாருங்க" என்று நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

"கண்ணாடி வீட்டுல இருக்கு டீச்சர்."

"சரி, நான் படிக்கறேன், நீங்க சொல்லுங்க. வீரனா, மந்திரவாதியா, திருடனா?"

"திருடன் வேணாம்."

பெயர் வேலன் என்று வைத்தோம். அடுத்து, கையில் இருபது புள்ளி கொடுத்து ஆளுக்குக் குணத்தைப் பங்கு வைக்கச் சொன்னது: பலம், வேகம், அறிவு, பேச்சு. டீச்சர் பலத்துக்குப் போடப் போனார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பதினேழு பேச்சுக்குப் போடுங்க" என்றேன்.

"பேச்சுக்கா? பூதம் வந்தா உக்கார வச்சுப் பேசியா அனுப்புவீங்க?"

"மிச்சம் மூணு இருக்குலா" என்றேன்.

இப்படித்தான் பினாங்கிலேயே பேச வராத ஒருவன், அந்த ராஜ்ஜியத்திலேயே பெரிய பேச்சாளன் ஒருவனைப் பெற்றெடுத்தான். வேலனால் வாளைத் தூக்கக்கூட முடியாது. பாதாள அறை எலிகளிடமே நாலு முறை தோற்று ஓடினான். ஆனால் கோட்டைக் காவல்காரன், மந்திரி, சிடுமூஞ்சி ராணி, யாராக இருந்தாலும் அவன் பேசினால் வழிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன பேசுவது என்று மூன்று வரி வரும். டீச்சர் மூன்றையும் சத்தமாக வாசித்துத் தமிழில் சொல்வார். முதல் வரி வணக்கமாக இருக்கும், இரண்டாவது மிரட்டலாக இருக்கும், மூன்றாவது சின்னதாக, உள்ளதை உள்ளபடி சொல்லும். நான் பெரும்பாலும் "மூணாவது" என்பேன். ராணி குரலில் டீச்சர் வாசிக்கும்போது கீழே நாசி கண்டார் வரிசையில் நிற்பவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்களாம்.

வேலன் ஒவ்வொரு படி ஏறும்போதும் மூன்று புள்ளி கிடைக்கும். அப்போது எங்களுக்குள் பேரம். "ஒண்ணாவது பலத்துக்குப் போடுங்கண்ணே, எலி கடிச்சுச் சாவப் போறான்." அப்படி இப்படி என்று எட்டு மாதத்தில் அவன் ஒன்பதாம் படிக்கு வந்துவிட்டான். என் கண்ணாடி மட்டும் எட்டு மாதமாக வீட்டிலேயே இருந்தது.

அந்த வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். கீழே கறிக் குழம்பு கொதிக்கும்போது மேலே விரதம் இருப்பது எப்படி என்று என்னைக் கேளுங்கள். அதிலும் வேலன் தினமும் உலர்ந்த இறைச்சி தின்றுகொண்டிருந்தான். வயிற்றெரிச்சலோ பக்தியோ, ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"டீச்சர், நான் விரதம் இருக்கறப்ப அவன் மட்டும் இறைச்சி தின்னா நல்லாயில்ல."

கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சந்தையில ரொட்டி வாங்கிப் போடுவோம்" என்றார். வேலனும் விரதத்தில் சேர்ந்துகொண்டான்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டீச்சர் ஒரு வாரம் விடுப்பில் ஈப்போவுக்குப் போனார். போகும்போது சொன்னார்: "வேலனப் பாத்துக்குங்க. ஏதாச்சும் எழுத்து வந்தா படிச்சிட்டு அழுத்துங்க. கண்ணாடி கொண்டாந்துருங்க அண்ணே."

"கொண்டாறேன் டீச்சர்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து வேலனைக் காட்டு வழியில் நடத்தினேன். ரொட்டி தீர்ந்துபோனது எனக்குத் தெரியவில்லை. திரையில் ஏதேதோ வரிகள் வந்தன. அதில் ஒரு சொல் மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். பாசாரில், அதான் சந்தையில், கறிக்கடைப் பலகையில் தினமும் பார்க்கும் இங்கிலீஷ் சொல், இறைச்சி. ஓகோ, இறைச்சி தின்கிறாயா என்று கேட்கிறான். வேண்டாம் என்று அழுத்தினேன். மறுபடி கேட்டான். வேண்டாம். சிவப்பு எழுத்தில் கேட்டான். வேண்டாம். மூலையில் இருந்த வேலனின் முகப்படம் வெளுத்துக்கொண்டே வந்தது. விரதத்தில் முகம் களையாகிறது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். சத்தியமாக.

ஏழாவது முறை அழுத்தியதும் ஒரு கல்லறை வந்தது. அதில் இருந்த பெயரை என்னால் படிக்க முடிந்தது. நாங்கள் வைத்த பெயர்தான். அந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான். திரும்பிக் கொண்டுவர வழி கிடையாது.

மிச்ச நாளெல்லாம் என்ன சொல்வதென்று தயார் செய்தேன். ஒன்று, கரண்டு போய்விட்டது. இரண்டு, வைரஸ் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எல்லாப் பழியையும் வைரஸ்தான் ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

டீச்சர் வந்தார். மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தார். கல்லறைக்குக் கீழே ஒரு வரி இருந்தது. மெதுவாக வாசித்துச் சொன்னார்: "பை நிறைய இறைச்சி இருந்தும், இவன் பசியால் இறந்தான்."



"டீச்சர், எனக்குக் கண்ணாடியே கிடையாது" என்றேன்.

"ஓம். தெரியும்."

"எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்து. கண்ணாடி போடறவங்களுக்கு மூக்குல தழும்பு இருக்கும்லா."

சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஈப்போவுல பொண்ணு பாக்க வந்தாங்கண்ணே" என்றார். "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போவீங்களான்னு கேட்டாங்க. போக மாட்டாள்னு அம்மா சொல்லிட்டாங்க. நான் தேத்தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தேன். அங்க யாரும் மூணு வரி எழுதி வைக்கல."

இவ்வளவு வாசிக்கத் தெரிந்தவருக்கே அப்படியா என்று எனக்கு ஆச்சரியம். விரதக் களைப்போ என்னவோ, வேலன் செத்த துக்கத்தில் அவன் வாய் எனக்கு வந்துவிட்டது.

"போன் போட்டுச் சொல்லிருங்க டீச்சர். வேலைக்குப் போவேன்னு."

"அவ்ளோதானா?"

"மூணாவது வரி எப்பவும் சின்னதாத்தான் இருக்கும்."

மறுநாள் டீச்சர், முதலாளியின் மேசையில் இருந்த போனில் அதைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று, பளபளவென்று இருந்த எழுத்துகளையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். வேறொருவனைச் செய்து அனுப்புவோம் என்று அதற்குப் பிறகு இருவரும் சொல்லிக்கொண்டோம். "இந்தத் தடவ வயித்துக்கும் ஒரு புள்ளி போடுங்க" என்றார். செய்யவேயில்லை. சில மாதத்தில் அவர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டார். கடைசி நாளில் அருமையாக ஒன்று சொல்ல நினைத்தேன். "சாவி இங்க இருக்கு டீச்சர்" என்று சொன்னேன்.

மறு வருடம் ஓர் அட்டை வந்தது. தமிழில், கையால் எழுதிய மூன்று வரி. ஒன்று, நலம். இரண்டு, பள்ளி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. மூன்று, அண்ணே நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. கால் இல்லாத எழுத்து, கொம்பு மாறிய எழுத்து, மூன்று வரியில் பதினாறு தப்பு. என்னுடையதைவிட மோசம். கான்வெண்டில் தமிழ் ஏது? அவ்வளவு நாளும் எனக்கு அது தோன்றவேயில்லை. அவருக்கும் ஒரு கண்ணாடி வீட்டில் இருந்திருக்கிறது.

நான் பதில் போடவில்லை. என் கையெழுத்துக்கு வெட்கப்பட்டேன், அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே.

இப்போது அந்த மாடி சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. நாசி கண்டார் கடை இருந்த இடத்தில் காப்பியில் பூப்படம் போட்டுக் கொடுக்கிறார்கள். டைப்ரைட்டர்களைப் பழைய இரும்பாக எடை போட்டுத் தூக்கிப்போனார்கள். அட்டையைக் கரையான் தின்றது. அதில் இருந்த விலாசத்தையும் சேர்த்து. ஸ்பிரிட் வாடை மட்டும் ஒரு கண்ணாடிக் கடையில் மிச்சம் இருந்திருக்கிறது.

டீச்சர், நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இதை எழுதி முடித்தது தைப்பூசத்துக்கு மறுநாள், மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு.